ஆறாத புண்ணும் பதினாலு நாள் நோட்டும்

டாக்டரம்மா பதில்கள்: குன்னூரில் 29 வருடமாகப் பல் மருத்துவம் பார்ப்பவர் எழுதும் பகுதி

போன இதழில் ஈறு வீக்கம் பற்றிய பதிலின் கடைசியில், "இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண் எதுவானாலும் காட்டிவிடுங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். ஈறு பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஒரு வரிக்குத்தான் கட்டுக் கடிதம். அதனால் இந்த மாதம் முழுக்க வாய்ப் புற்றுநோய். பல்செட், பல்கூச்சம் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பல் போனால் கட்டிக்கொள்ளலாம்.

*

கேள்வி: என் மாமியாருக்கு 61 வயது. கோத்தகிரிக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் 34 வருடம் கொழுந்து பறித்தவர். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு போயிலையும் போடுவார். எப்போதும் இடது கன்னத்தில்தான் அதக்கி வைப்பார். அதே இடத்தில் மூன்று மாதமாக ஒரு புண். வலியே இல்லை என்கிறார். மணத்தக்காளிக் கீரை, நெய், பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை எல்லாம் பார்த்தாகிவிட்டது. பல் டாக்டர் ஒருவர், சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும் என்றார். என் கணவரின் பெரியப்பா, "கத்தி பட்டால் பரவிடும், சும்மா விட்டால் சும்மா இருக்கும்" என்று தடுக்கிறார். என்ன செய்வது? (பெயர் வேண்டாம், கோத்தகிரி)

பதில்: இந்த வாரமே கூட்டிப்போங்கள். பெரியப்பாவிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம். சும்மா விட்டால் சும்மா இருக்கும் என்பது தெருநாய்க்குச் சரி.

கன்னத்தைக் கடித்துக்கொண்டாலோ, கொதிக்கிற டீ பட்டாலோ வருகிற புண் ஏழு நாளில், போனால் பத்து நாளில் ஆறிவிடும். உடம்பிலேயே சீக்கிரம் ஆறுகிற இடங்களில் வாய் ஒன்று. அங்கே ஒரு புண் இரண்டு வாரம் தாண்டி நிற்கிறதென்றால் ஏன் நிற்கிறது என்று தேடியாக வேண்டும். உங்கள் மாமியாருக்கு மூன்று மாதம்.

வலி இல்லை என்று அவர் சொல்வதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சாதாரண வாய்ப்புண் உப்புப் பட்டாலே உயிர் போகும். புற்று ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அது நரம்பையோ எலும்பையோ தொட்ட பிறகுதான் காது வரைக்கும் குடையும். வலி வந்ததும் போகலாம் என்று காத்திருந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

நீங்களே ஒரு முறை பாருங்கள். அவரை வாய் கொப்பளிக்கச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, ஸ்பூன் காம்பால் கன்னத்தை விலக்கி, செல்போன் டார்ச்சை அடியுங்கள். புண்ணின் விளிம்பு தடித்து மேடாக இருக்கிறதா? கழுவிய விரலால் தொட்டால், சுற்றியுள்ள சதைபோல மெத்தென்று இல்லாமல் ரப்பர் மாதிரி கெட்டியாக இருக்கிறதா? லேசாக உரசினாலே ரத்தம் கசிகிறதா? பக்கத்தில் சுரண்டினாலும் வராத வெள்ளைப் படலமோ, வெல்வெட் துணிபோல் சிவந்த திட்டோ இருக்கிறதா? (வெள்ளையைவிடச் சிவப்புதான் மோசம்.) தாடைக்குக் கீழே கட்டி உருள்கிறதா? பார்த்ததை ஒரு சீட்டில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். ஆனால் நீங்களாகத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். கண்ணால் பார்த்து இது கேன்சர், இது இல்லை என்று அடித்துச் சொல்ல என்னாலேயே முடியாது. அதற்குத்தான் பயாப்ஸி.

பயாப்ஸி என்ற பெயர்தான் பெரிது. பல் பிடுங்கும்போது போடுகிற அதே மரப்பு ஊசி. புண்ணின் ஓரத்திலிருந்து, நல்ல சதையும் கொஞ்சம் சேர்ந்து வருகிற மாதிரி, துவரம்பருப்பு அளவுக்கு ஒரு துண்டு. ஒன்றிரண்டு தையல். பதினைந்து நிமிடத்தில் வீட்டுக்குப் போகலாம். ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆகும்.

துண்டு எடுப்பதால் பரவாது. பெரியப்பா பொய் சொல்லவில்லை, அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். ஊரில் நாலு பேர் ஆபரேஷனுக்குப் போனார்கள், திரும்பி வந்து சில மாதத்தில் செத்தார்கள். அந்த நாலு பேரும் எத்தனை மாதம் கழித்துப் போனார்கள் என்பதை யாரும் கணக்கு வைக்கவில்லை. பழி மட்டும் கத்திக்குப் போய்விட்டது.

தாமதம் எப்போதும் வீட்டாரால்தான் வருகிறது என்றும் சொல்லமாட்டேன். 2001ல் கொழுந்து லாரி ஓட்டுகிற ஒருவர் என்னிடம் வந்தார். நாக்கின் வலது ஓரத்தில் புண். அதற்கு நேராகவே ஒரு உடைந்த கடைவாய்ப் பல், கத்தி மாதிரி. பல் குத்தித்தான் புண் என்று எனக்குப் பட்டது. பல்லைத் தேய்த்து மழுங்கடித்தேன், தடவ ஒரு ஜெல் கொடுத்தேன், "பத்து நாளில் ஆறிடும், ஆறலேன்னா வாங்க" என்றேன். அவர் வரவில்லை. ஆறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஏழு வாரம் கழித்து வந்தார். தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவு கட்டி. அதற்கப்புறம் பதினாலு மாதம்தான் இருந்தார். "ஆறலேன்னா வாங்க" என்று சொன்னது என் தப்பு. "பதினாலாம் நாள் வாங்க, ஆறியிருந்தாலும் வந்து காட்டுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து மேஜை டிராயரில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. புண்ணோடு வருகிற ஒவ்வொருவர் பெயரும், போன் நம்பரும், பதினாலாம் நாளின் தேதியும் அதில் ஏறும். அந்தத் தேதிக்கு ஆள் வரவில்லையென்றால் என் உதவியாளர் போன் போடுவாள். "பதினாலு நாள் நோட்டு" என்று அவள் வைத்த பெயர்தான். இப்போது ஒன்பதாவது நோட்டு ஓடுகிறது.

உங்கள் மாமியாருக்கு ரிப்போர்ட்டில் கேன்சர் இல்லை என்றே வரலாம். புற்றாக மாறக்கூடிய முன்நிலை என்று வரலாம். கேன்சர் என்று வந்தாலும் எல்லாம் ஒரே அளவு இல்லை. அகலம் 2 சென்டிமீட்டருக்குள், ஆழம் 5 மில்லிமீட்டருக்குள், கழுத்தில் கட்டி இல்லை என்றால் அது முதல் கட்டம். அந்த நிலையில் பெரும்பாலும் ஆபரேஷனோடு முடிந்துவிடும். ஆரம்பக் கட்டத்தில் பிடிபட்டவர்களில் 100க்கு 70, 80 பேர் ஐந்து வருடம் கழித்தும் நன்றாக இருக்கிறார்கள். முற்றிய பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வித்தியாசம் நோயில் இல்லை, காலண்டரில்.

டார்ச் அடித்துப் பார்ப்பதா ஒரு வைத்தியம் என்று சிரிக்க வேண்டாம். திருவனந்தபுரம் பக்கம் 1996ல் ஆரம்பித்த பெரிய ஆய்வு ஒன்றில், டாக்டர்கள் கூட இல்லை, பயிற்சி கொடுத்த சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறந்து பார்த்தார்கள். புகையிலை, குடிப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றால் சாவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2005ல் முடிவு வந்தது. வெளிச்சமும் கண்ணும்தான் கருவி.

அப்புறம் போயிலை. எஸ்டேட் பெண்கள் ஏன் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஜூலை மழையில், விறைத்த கையோடு, பசியோடு நின்று பறிக்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு பாட்டி, "காலில் அட்டைக்கு ஒரு கிள்ளு, வாய்க்கு ஒரு கிள்ளு" என்பார். அட்டையைக் கொல்கிற சரக்கு கன்னத்தை என்ன செய்யும் என்று நான் கேட்டதற்கு, "அட்டை நாலு நிமிஷத்தில் செத்துடுது, நான் நாப்பது வருஷமா இருக்கேனே" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் உங்கள் மாமியாரிடம் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தியவர்களுக்கு ஆபரேஷன் புண்ணும் நன்றாக ஆறும், மறுபடி இன்னொன்று வருவதும் குறையும். விட முடியாமல் தவித்தால் 1800-11-2356 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். புகையிலையை விட உதவுகிற அரசு எண், கட்டணம் இல்லை.

*

கேள்வி: வயது 24, கூடலூரில் ஜீப் ஓட்டுகிறேன். புகையிலை தொட்டதே இல்லை. தூக்கம் வராமல் இருக்க பாக்குப் பொட்டலம் மட்டும், ஒரு நாளைக்கு ஏழெட்டு. ஒரு வருடமாகக் காரம் வாயில் வைக்க முடியவில்லை. பரோட்டாவைச் சுருட்டி வாய்க்குள் விட முடியவில்லை. இதுவும் கேன்சரா?

பதில்: உங்கள் மூன்று விரலை, ஆள்காட்டி, நடு, மோதிர விரல், சேர்த்து நெட்டுக்குத்தாக வாய்க்குள் விட்டுப் பாருங்கள், தம்பி. சாதாரணமாக மூன்றும் போக வேண்டும். இரண்டுதான் போகிறதென்றால், கன்னத்தின் உள்தோல் இறுகிப்போய்விட்டது. விரலால் தடவினால் உள்ளே கயிறு கயிறாகத் தட்டுப்படும். நிறம் வெளுத்து பளிங்கு மாதிரி இருக்கும். இது கேன்சர் இல்லை. ஆனால் கேன்சர் வந்து உட்கார இடம் போட்டு வைக்கிற நோய். இப்படி வாய் இறுகியவர்களில் 100க்கு 4 முதல் 8 பேருக்குப் பின்னால் புற்றாக மாறுவதாக ஆய்வுகள் சொல்கின்றன.

"பாக்கு மட்டும்தானே" என்பதுதான் எல்லோரும் சொல்வது. புகையிலை இல்லாத வெறும் பாக்கையே புற்று உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லேயே பட்டியலில் சேர்த்துவிட்டது. பாக்கில் உள்ள ஒரு சத்து சதைக்குள் நார் உற்பத்தியைத் தூண்டுகிறது. அதிலுள்ள செம்பு அந்த நாரைக் கரையவிடாமல் முறுக்குகிறது. நான் மேட்டுப்பாளையம் இறங்கும்போதெல்லாம் கல்லாறில் அந்தப் பாக்குத் தோப்பைக் கடந்துதான் போகிறேன். வரிசையாக, நெட்டையாக, அவ்வளவு அழகு. மரத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பொட்டலத்தின் மேல்தான். தாத்தா காலத்தில் கல்யாணத்துக்கு ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பின் ஒரு தடவை போட்டதை, இப்போது கொண்டையூசி வளைவுக்கு ஒன்றாகப் போடுகிறீர்கள்.

இறுகியது முழுதாக இளகாது. மேலும் இறுகாமல் தடுக்கலாம். முதலில் பாக்கை விட வேண்டும், குறைப்பது எல்லாம் கதைக்கு ஆகாது. கன்னத்துக்குள் வாரா வாரம் போடுகிற ஊசி இருக்கிறது. அதோடு பயிற்சி: ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்து, தினம் பல தடவை, சில நிமிடம். இரண்டு வாரத்துக்கு ஒரு குச்சி கூட்ட முடிந்தால் நல்ல முன்னேற்றம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாயைக் காட்டியே ஆக வேண்டும், ஏனென்றால் வாய் திறக்காதவருக்குப் புண் வந்தால் உள்ளே இருப்பது டாக்டருக்கும் தெரியாது. தூக்கத்துக்குக் கட்டஞ்சாயா குடியுங்கள். கூடலூரில் அதற்கா பஞ்சம்?

*

கேள்வி: டீ ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன். கீழ் ஈறில் வந்த புற்று எலும்புக்குள் போய்விட்டது என்கிறார்கள். தாடையில் ஒரு பக்கம் எடுத்துவிட்டு, கால் எலும்பை வெட்டி அங்கே வைப்பார்களாம். என் வீட்டுக்கு ரோட்டிலிருந்து 60 படி. வாயைக் காப்பாற்றக் காலைக் கொடுக்க வேண்டுமா? கரண்ட் (கதிர்வீச்சு) மட்டும் வைத்தால் போதாதா?

பதில்: கால் எங்கேயும் போகாது ஐயா. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பு. முன்பக்கம், கட்டில் காலில் இடித்துக்கொண்டு கத்துவோமே, அது தடித்தது. நம் எடையைச் சுமப்பது பெரும்பாலும் அதுதான். அதற்கு வெளிப்பக்கம் மெலிசாக ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதில், முழங்கால் பக்கமும் கணுக்கால் பக்கமும் கொஞ்சம் விட்டுவிட்டு, நடுப்பகுதியை மட்டும் எடுக்கிறார்கள். சில வாரம் நொண்டுவீர்கள். அப்புறம் படி ஏறலாம்.

எலும்பை மட்டும் எடுத்துவைத்தால் அது செத்த எலும்பு. அதனால் அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாயோடும், மேலே உள்ள தோலோடும் சேர்த்து எடுத்து, தாடை வளைவுக்குத் தக்கபடி துண்டுபோட்டு டைட்டானியம் தகட்டில் பொருத்தி, கழுத்து ரத்தக்குழாயோடு மைக்ராஸ்கோப் வைத்துத் தைக்கிறார்கள். குழாயின் அகலமே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். அதனால்தான் ஆபரேஷன் எட்டுப் பத்து மணி நேரம் ஓடும். வெளியே உட்கார்ந்திருக்கும் வீட்டாரிடம் இதை முன்னாலேயே சொல்லிவையுங்கள், நேரம் ஆக ஆகப் பயந்துவிடுவார்கள். இன்னொன்றும் சொல்லுங்கள்: வெளியே வரும்போது மூக்கில் டியூப், தொண்டையில் மூச்சுக்கு ஒரு துளை இருக்கலாம், பேச்சு வராது. அந்தத் துளை பெரும்பாலும் தற்காலிகம்தான். வீக்கம் வடிந்ததும் மூடிவிடுவார்கள்.

எல்லோருக்கும் கால் எலும்பே என்றில்லை. நாக்கில் எடுத்த இடத்துக்கு முன்கைத் தோல், ரத்தக்குழாய் சரியில்லாதவர்களுக்கு நெஞ்சுச் சதை என்று ஆளுக்கு ஆள் மாறும்.

இப்படிச் செய்துகொண்ட ஒருவர் என்னிடம் பல் காட்ட வருவார், தோட்ட வேலை செய்தவர். முதல் தடவை வாயைத் திறந்ததும் நான் கொஞ்சம் திகைத்தேன். கன்னத்து ஓரம் காலிலிருந்து வந்த தோலில் நாலைந்து கறுப்பு முடி. தோல் இடம் மாறியது அதற்குத் தெரியுமா? "டாக்டரம்மா, இங்கேயும் சேவ் பண்ணணுமா?" என்று அவரே சிரித்தார். சின்னக் கத்தரியால் நறுக்கிவிட்டேன். கீழே சந்தைக்கும் மேலே வீட்டுக்கும் அவர் மூட்டையோடு நடக்கிறார்.

கரண்ட் மட்டும் போதாதா என்றால், குரல்வளைப் புற்று போன்ற சிலவற்றுக்கு அதுவே முதல் வைத்தியம். வாயில், அதுவும் எலும்பைத் தொட்டுவிட்டால், அறுவைதான் முதலில். கரண்ட் அதற்குப் பின்னால் வரும்.

*

கேள்வி: ஊட்டி பக்கம் ஒரு ஹட்டி (படகர் கிராமம்) எங்களுடையது. என் கணவருக்கு நாக்கு ஓரத்தில் கேன்சர், கோவையில் ஆபரேஷன் முடிந்து நாலு வாரம். கழுத்தில் கட்டி எதுவும் இல்லாமலே கழுத்தையும் கீறினார்கள். இப்போது 30 கரண்ட் வைக்கணும் என்கிறார்கள். அவர் கஞ்சி குடிக்கிறார், பேச்சும் வருகிறது. நன்றாகத்தான் இருக்கிறார். கேரட் எடுக்க வேண்டியிருக்கிறது, அடுத்து ஹெத்தையம்மன் பண்டிகை. பண்டிகை முடிந்து ஆரம்பிக்கலாமா? இல்லை, ஆரம்பித்துவிட்டு நடுவில் ஒரு வாரம் வந்து போகலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம் அம்மா. கேரட்டை யாரையாவது வைத்து எடுங்கள், இல்லை அப்படியே கிடக்கட்டும். ஹெத்தை அடுத்த மார்கழியிலும் வருவாள்.

முதலில் கழுத்து. நாக்குப் புற்று, வெளியே கட்டி தட்டுப்படும் முன்பே கண்ணுக்குத் தெரியாத அளவில் கழுத்தில் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்கு (எல்லோருக்கும் இருக்கிற சின்ன முடிச்சுகள்தான்) இறங்கியிருக்கலாம். அந்த முடிச்சுகளைக் கட்டி வந்தபின் எடுக்கலாமா, கட்டி இல்லாதபோதே எடுத்துவிடலாமா என்று உலகம் முழுக்க டாக்டர்கள் வெகுநாள் சண்டை போட்டார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை செய்த ஆய்வுதான் அதைத் தீர்த்தது. 2015ல் வெளியானது. முதலிலேயே கழுத்து முடிச்சுகளையும் எடுத்தவர்களில் மூன்று வருடம் கழித்து 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். உங்கள் கணவரின் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள், கழுத்தில் எடுத்த முடிச்சுகளில் எத்தனையில் நோய் இருந்தது என்று எழுதியிருக்கும். கரண்ட் வேண்டும் என்று சொன்னதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். முடிச்சின் மேலுறையைத் தாண்டி நோய் வெளியே வந்திருந்தால் கூடவே கீமோவும் சேர்ப்பார்கள்.

ஆபரேஷன் முடிந்து ஆறு வாரத்துக்குள் கரண்ட் ஆரம்பிப்பது நல்லது. உங்களுக்கு நாலு வாரம் போய்விட்டது. முகத்துக்கு வலை போன்ற முகமூடி செய்வது, சிடி எடுத்துக் கணக்குப் போடுவது என்று இன்னும் ஒரு வாரம் போகும். அதனால் இப்போதே இறங்க வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை, தினம் ஒன்று, ஆறு வாரம். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், அதில் மெஷின் ஓடுவது சில நிமிடம்தான். அந்த நேரத்தில் வலி தெரியாது.

நடுவில் விட்டால் என்ன ஆகும்? பாத்தியில் களையை முழுக்கப் பிடுங்காமல் விட்டுவந்தால் மழை விட்டதும் எப்படி எழும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதி அடிபட்ட செல்கள் இடைவெளி கிடைத்தால் முன்னைவிட வேகமாகப் பெருகும். நாள் ஒன்று தள்ளிப்போனால் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதம் குறைகிறது. பண்டிகைக்கு ஒரு வாரம் என்றால் ஏழு. தாமதமானாலும் முப்பதையும் முடித்துவிட்டோமே என்று சொன்னால் நோய் கேட்காது.

இரண்டு வாரம் வரைக்கும் ஒன்றும் தெரியாது. "இதுக்கா பயந்தோம்" என்பார். மூன்றாவது வாரம் வாய் முழுக்க வெந்துபோகும். நாலு, ஐந்தில் எச்சில் விழுங்கவே அழுவார். அங்கேதான் நிறையப் பேர் "போதும், ஊருக்குப் போகலாம்" என்று பஸ் ஏறிவிடுகிறார்கள். அந்த நாளுக்கு இப்போதே தயாராகுங்கள். ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு, அரை ஸ்பூன் சமையல் சோடா கலந்து மணிக்கொரு தரம் கொப்பளிக்க வேண்டும். எரிகிற மவுத்வாஷ் எதுவும் கூடாது. ராகிக் கஞ்சி, பருப்புக் கடைசல், முட்டை அடித்த பால், எல்லாம் ஆறவைத்து. வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். எடை இறங்கினால் மூக்கில் டியூப் போடச் சொல்வார்கள், போட்டுக்கொள்ளுங்கள். அது தோற்றுப்போனதற்கு அடையாளம் இல்லை. நாக்கில் ருசி போய்விடும், திரும்ப மாதக்கணக்கில் ஆகும். வாய் காய்வது அதற்கப்புறமும் கொஞ்சம் இருக்கும், பையில் ஒரு தண்ணீர் பாட்டில் நிரந்தரமாகிவிடும்.

கரண்டுக்கு முன்னால் பல்லைக் காட்டினீர்களா? இது என் தொழில் என்பதால் சொல்லவில்லை. கதிர் பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும். அதற்கப்புறம் பல் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பே அழுகக்கூடும். ஆகவே நிற்காத பல்லை முன்னாலேயே எடுத்து, ஆற இரண்டு வாரமாவது விட வேண்டும். உங்களுக்கு அந்த இரண்டு வாரம்தான் கையில் இருக்கிறது. நாளைக்கே போங்கள். பின்னாளில் எந்தப் பல் டாக்டரிடம் போனாலும், நாற்காலியில் உட்காரும் முன், "கரண்ட் வைத்த தாடை" என்று சொல்லச் சொல்லுங்கள். என்னிடமே ஒருவர் சொல்லாமல் உட்கார்ந்து, ஊசி போடப்போகும்போது கழுத்துத் தழும்பைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். அன்றைக்கு எனக்குக் கை நடுங்கியது.

தினம் மலை இறங்கி ஏறலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கல்லாறிலிருந்து குன்னூருக்கு 14 கொண்டையூசி வளைவு, வெந்த வாயோடு, வாந்தியோடு, முப்பது நாள். ஒரு மண் சரிவு வந்து ரோடு அடைத்தால் அந்த நாளும் போச்சு. கோவையிலேயே ஆறு வாரம் தங்குங்கள். தங்க இடம் கேட்க, ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர் இருந்தால் அவரிடம் கேளுங்கள், கேட்காதவருக்கு யாரும் சொல்வதில்லை. செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா? குடும்ப வருமானம் வருடத்துக்கு 1.2 லட்சத்துக்குள் என்றால் 5 லட்சம் வரை கிடைக்கும். கரண்ட், கீமோவும் அதில் அடங்கும். வருமானச் சான்றுக்கு இன்றைக்கே இ-சேவை மையத்துக்கு ஆள் அனுப்புங்கள், அட்டை வரட்டும் என்று சிகிச்சையை நிறுத்திவைக்காதீர்கள்.

*

கேள்வி: வெற்றிலை, சிகரெட், குடி எதுவும் கிடையாது. எனக்கும் வருமா?

பதில்: குறைவு, ஆனால் வரும். பழக்கம் எதுவும் இல்லாத டீச்சர் ஒருவரை நானே அனுப்பியிருக்கிறேன், நாக்கின் ஓரம்தான். பழக்கம் இல்லை என்பதால் புண்ணுக்குப் பதினாலு நாளுக்கு மேல் சலுகை கிடையாது.

*

கேள்வி: என் அப்பாவுக்கு வாயில் கேன்சர், ஆபரேஷனும் கரண்டும் முடிந்துவிட்டது. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். அவருக்குத் தனி தட்டு, தனி டம்ளர் வைத்திருக்கிறோம். அத்தை அப்படித்தான் செய்யணும் என்றார். அவர் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் இப்போதெல்லாம் எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் சமையலறைக்கு வருகிறார். ஒட்டிக்கொள்ளுமா? (அருவங்காடு)

பதில்: ஒட்டாது. ஒரே டம்ளரில் குடித்தாலும், பேரனுக்கு முத்தம் கொடுத்தாலும், எச்சில் பட்டாலும் ஒட்டாது. வெளியிலிருந்து வைக்கும் கரண்டும் மெஷினை விட்டு எழுந்ததும் முடிந்துவிட்டது, உடம்பில் எதுவும் தங்கியிருக்காது. தனி டம்ளரை எடுத்து உள்ளே வையுங்கள், யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாம். இன்று சாயங்காலம் எல்லோருக்கும் டீ போடும்போது அவருக்கும் அதே டம்ளரில் ஊற்றுங்கள். ஒரு ஐந்து நிமிடம் ஆறவைத்துக் கொடுங்கள், அவர் வாய் இன்னும் சூடு தாங்காது.